மணி அடிக்க ஓர் ஆள்

மணி அடிக்குது. அடிக்கட்டும். நான் எந்திரிக்க மாட்டேன். இப்பத்தான் போயிட்டு வந்து உக்காந்தேன், அதுக்குள்ள மறுபடியும் டிங்கு. போன தடவை என்னமோ ஏதோன்னு விழுந்தடிச்சு ஓடினேன், மூச்சு முட்டுதோ, வாந்தி வருதோன்னு. ஒரு எளவும் இல்ல. எங்க வீட்டு மனுஷன் சொகமா மல்லாந்து கிடக்காக. நல்லா இருக்க இடது கையத் தூக்கி, ஆள்காட்டி விரல நீட்டி, தரையப் பாத்துக் காட்டுதாக. எறக்கு. உன் கீபோர்டு சுருதி ஏறிக் கிடக்கு, எறக்கு. அதுக்குத்தான் மணி. பேச்சு போச்சு, வலது பக்கம் பூராவும் போச்சு, கஞ்சி ஊட்டினா பாதி கழுத்து வழியா ஒழுகுது, ஆனா என் சுருதியத் திருத்துறது மட்டும் போகல. வந்த வாதத்துக்கு அதையும் சேத்து அள்ளிட்டுப் போகத் தெரியல பாருங்க. "சரிங்க, எறக்குதேன்"னு பவ்யமாச் சொல்லிட்டு வந்தேன். வந்து எறக்கல. ஒரு நூலு ஏத்தி வச்சேன். ஏத்தி வச்சு அதே கட்டைய அழுத்திக்கிட்டே இருந்தேன். சுவரத் தாண்டி அந்தச் சத்தம் உள்ள போகும். காதுக்கு ஒண்ணும் ஆகலம்மா, எல்லாம் நல்லாக் கேக்கும், பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்கன்னு டாக்டர் சொன்னாரு. பேச்சு என்னத்துக்கு. இது போதும். கேக்கட்டும்.

அந்த மணிய அங்கன கட்டினது கன்னியம்மா. பகல்ல இவுகளப் பாத்துக்கிட வர்ற பொம்பள. கட்டிலுக்கு மேல ஜன்னல் கம்பியில மணியத் தொங்க விட்டு, என் பழைய பாவாடை நாடாவ உருவி அதுல கட்டி, மறுமுனைய இவுக இடது கையில சுத்தி விட்டா. ஒரு தடவை இழுத்தா தண்ணி. ரெண்டு தடவைன்னா ஒண்ணுக்கு. விடாம இழுத்தா அவசரம். இன்னைக்கு அவ தங்கச்சி மகளுக்குக் காது குத்துன்னு மத்தியானமே கிளம்பிட்டா, தலையக் காட்டிட்டுச் சுருக்கா வந்துருவேன்னு. செருப்ப மாட்டிக்கிட்டே வாசல்ல நின்னு எனக்குப் பாடம் வேற எடுத்தா: "தோ பாரும்மா, துன்னு முடிச்ச கையோட படுக்கப் போட்டுடாத. கொஞ்ச நேரம் ஒக்காந்தே இருக்கட்டும். பொரையேறிச்சின்னா சோறு உள்ளாற எறங்கி மூச்ச அடச்சிக்கும். மணி வுடாம அடிச்சிதுன்னா இன்னா வேல இருந்தாலும் அப்டியே போட்டுட்டு ஓடியா." சரி சரின்னு தலைய ஆட்டினேன். எனக்குத் தெரியாதாக்கும். அவ படி எறங்கின சத்தம் அடங்கினதும் ரசஞ்சோத்தக் குழைச்சு ஊட்டினேன். ஊட்டி வாயத் துடைச்சு, படுக்கத்தான் போட்டிருக்கேன்.

ஏன் போட்டேன்னா, கட்டிலோட தலைமாட்டைத் தூக்கி வச்சா இவுக கண்ணுக்கு ஹால் தெரியுது. கதவு வழியா நேரா இந்த மேசை. மேசையில இருக்க இந்தச் சின்ன கீபோர்டு. அதுல இருக்க என் விரல். பாத்துக்கிட்டே கிடப்பாக. கண்ண இமைக்காம, உதட்டுல அந்தக் கோணச் சிரிப்போட. வாதத்துல கோணினது பாதி, ஏற்கெனவே கோணலா இருந்தது பாதி. அந்தக் கண்ணு மேல படப்பட என் விரல் மரத்துப் போவுது. கட்டிலோட கால்மாட்டுல இருக்க கைப்பிடியச் சுத்தினா தலைமாடு எறங்கும். கிர்ரு கிர்ருன்னு எறங்க எறங்க இவுக பார்வை மேசைய விட்டு, கதவு நிலைய விட்டு, சுவர் வழியா ஏறி, கடைசில ஃபேன்ல போய் நின்னுச்சு. ஃபேனத் திருத்துங்க. அதுவும் சுருதி சேராமத்தான் சுத்துது. நான் கொஞ்சம் சந்தோசப்பட்டேன்னு சொல்லணும். கொஞ்சம் என்ன, நெறையவே. ஒரு நாளைக்கு என்ன ஆயிரும். தினமும் அவதான் உக்கார வச்சே வச்சிருக்காளே.

கட்டை எல்லாம் சின்னச் சின்னது இதுல. மடியில வச்சா மடியில அடங்கும். பேரு கீபோர்டு, பாத்தா பிள்ளைக விளையாட்டுச் சாமான் கணக்கா இருக்கு. ஆனா உள்ள இருக்கது அதே வித்தை, இவுக காலம் பூராவும் என்னைத் தொட விடாம வச்சிருந்த எஃப்.எம். ரேடியோ எஃப்.எம். இல்ல, சத்தம் உண்டாக்குற எஃப்.எம். "இது உனக்கு வராதுட்டி. இது கணக்கு. நீ போயி மீனக் கழுவு." ஊருக்கு இவுக துரை மாஸ்டர், சொன்னா சொன்னதுதான். ஐசக் ஞானதுரைன்னா ஒரு காலத்துல கோடம்பாக்கத்துல தெரியாத ஆள் கிடையாது, பாளையங்கோட்டையில இருந்து வந்து கீபோர்டுல கோவில் மணிய அடிச்ச மனுஷன். என்ன பெரிய கணக்கு. ஒரு சின்னப் பையன் வீடியோவுல வெளையாட்டாச் சொல்லிக் குடுக்கான். கீபோர்டுக்குள்ள நாலஞ்சு ஆளு இருக்கான்னு வச்சுக்கிடுங்க. ஒருத்தன் பாடுவான். இன்னொருத்தன் பாட மாட்டான், பாடுறவனப் புடிச்சு உலுக்குவான். அவ்வளவுதான் எஃப்.எம். உலுக்குறவன் சத்தம் வெளிய கேக்கவே கேக்காது. பாடுறவன் குரல்தான் கேக்கும், உலுக்கின உலுக்குல அது குழலாகும், வீணையாகும், தகர டப்பாவாகும். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துட்டு. இத்தனை வருசம் இந்த வீட்டுல வேற என்ன நடந்துச்சு. இதப் படிக்க எனக்கு வீடியோ என்னத்துக்கு.

ரெண்டு பேருக்கும் நடுவுல உள்ள விகிதந்தான் சூட்சுமம். ஒண்ணுக்கு ரெண்டு, ஒண்ணுக்கு மூணுன்னு முழுசா வச்சா ஒத்துப் போவும், கேக்க இதமா இருக்கும். ஒண்ணுக்கு ஒண்ணரையும் இல்லாம ரெண்டும் இல்லாம கோணலா ஒரு இடத்துல வச்சா ஒட்டாது. ஒட்டாமப் போனா உலோகம். மணி, தட்டு, சங்கிலி, எல்லாம் அந்தக் கோணல்ல இருந்துதான் வருது. இந்தக் குமிழத் திருகினா விகிதம், இது உலுக்கு, இது சத்தம் எவ்வளவு வெரசா அடங்கணுங்கிறது. முதல் நாள் திருகினதுல தகரம் கிழியிற மாதிரி ஒண்ணு கத்திச்சு. உள்ள இருந்து உடனே மணி. நான் போகல. மறுபடியும் அதே கத்தல். மறுபடியும் மணி. அப்பத்தான் எனக்கு விளங்குச்சு, நான் இங்க இருந்து ஒரு கட்டைய அழுத்தினா அங்க ஒரு நாடா இழுபடுது. உலுக்கு இப்ப என் கையில. அன்னைக்கு எனக்கு நல்லாப் பசிச்சுது, ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

இத வாங்குறதுக்கு இவுக பழைய கீபோர்ட வித்தேன். வித்தது வித்ததுதான், அதுல எனக்கு ஒண்ணும் இல்ல. பச்சையும் பழுப்புமா பட்டன் வச்ச அந்தக் கறுப்புப் பெட்டி, துணி போத்திப் பீரோவுக்குப் பக்கத்துல பொணம் கணக்கா நின்னுச்சு. மகன் கனடாவுல இருந்து போன்ல, "அம்மா, அப்பா உசுரோட இருக்கையிலயே அதப் போயி விக்கணுமா?"ன்னான். "நீ வந்து ஒரு வாரம் பீ அள்ளிட்டுப் பொறவு பேசு"ன்னேன். போன வச்சுட்டான். வாங்க வந்த பையன் தொப்பி போட்டுக்கிட்டு வந்தான், இந்த மாதிரிப் பழசத் தேடித் தேடிச் சேக்குறவனாம். இங்க ஹால்லயே வச்சு வாசிச்சுப் பாத்தான். உள்ள இவுகளுக்குத் தெரிஞ்சு போச்சு, தன் சாமான எவனோ தொடுதான்னு. மணி கிழிஞ்சுது. பையன் பயந்து, "ஆன்ட்டி, யாருக்கோ ஏதோ ஆகுது போல, போய்ப் பாருங்க"ன்னான். "அது பூனை, நீங்க வாசிங்க தம்பி"ன்னேன். அவன் அதக் கட்டித் தூக்கிப் படி எறங்குற வரைக்கும் மணி நிக்கல. பொறவு போய்ப் பாத்தா அழுதிருக்காக. ஒரு கண்ணுல மட்டும். அழுவ வருமா இவுகளுக்குன்னு கொஞ்ச நேரம் நின்னு பாத்தேன். என் பிள்ளையப் பெத்த அன்னைக்கு வராத அழுகை, எங்க அப்பா செத்ததுக்கு வராத அழுகை, பெட்டி போனதுக்கு வருது.

விரலு. அந்த விரலப் பத்தித்தான் நினைக்கக் கூடாதுன்னு நினைக்கேன், அதுதான் வந்து நிக்குது. ரெக்கார்டிங் தியேட்டர்ல கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இவுக, இந்தப் பக்கம் நான், காதுல ஹெட்போன். கோரஸ்ல நின்ன என்னைய மியூசிக் டைரக்டர் கூப்பிட்டு, இந்த ஒரு வரி நீ தனியாப் பாடும்மா, உன் குரல்ல ஒரு ஈரம் இருக்குன்னாரு. ஈரம் இருக்குன்னு ஒருத்தர் சொன்னாரு. கல்யாணமாகிச் சரியா ஒரு வருசங்கூட ஆகல அப்ப. பாடினேன். கண்ணாடிக்கு அங்கிட்டு விரல் தரையப் பாத்து நீண்டுச்சு. எறக்கு. மறுபடி பாடினேன். எறக்கு. இவுக வழக்கம் அது, சுருதி கம்மின்னா விரல் மேல போகும், கூடிட்டா கீழ, சேந்துட்டா விரல மடக்கி மூடிருவாக. ஊரே அந்த மடங்குன கைக்காகத்தான் பாடும். மடங்கவே இல்ல எனக்கு. மைக்கப் போட்டு, வயலின்காரங்க அத்தனை பேரு காதுலயும் விழுற மாதிரிக் கேட்டாக: "ஏட்டி, உனக்கு இருக்கது காதா, கம்மல் மாட்டுற ஓட்டையா?" அத்தனை பேரும் சிரிச்சாங்க. டைரக்டரும் சிரிச்சாரு. பக்கத்துல நின்ன பிள்ளையக் கூப்பிட்டு அந்த வரியப் பாட வச்சாங்க. அவளுக்கு எடுத்த எடுப்புல கை மடங்குச்சு. அன்னைல இருந்து நான் சர்ச்சுல கூட வாய மட்டும்தான் அசைக்கேன்.

இவுக அப்படிக் கேட்டதுக்கு எனக்கு வருத்தமா? வருத்தமில்ல, வெறி. ஆனா வெறிக்கும் அடியில ஒண்ணு கிடந்து அரிக்குது. நான் நிஜமாவே ஏறித்தான் பாடினேனா? என் காதுக்குச் சேந்துதான் கேட்டுச்சு. சத்தியமாச் சேந்துதான் கேட்டுச்சு. இவுக பொண்டாட்டி பேரு வாங்கிரக் கூடாதுன்னு விரல நீட்டினாகளா, இல்ல என் காது ஓட்டையேதானா? யாருகிட்ட போயிக் கேக்க. அந்த டேப்பு எங்க கிடக்கோ. கேட்ட டைரக்டர் போயிச் சேந்துட்டாரு. தெரிஞ்ச ஒரே ஆளு உள்ள ஃபேனப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்கு, வாய் இல்லாம. எனக்கு வேண்டியது இந்தப் பரீட்சை ஒண்ணுதான். என் காத மட்டும் வச்சுக்கிட்டு, ஒரு சத்தத்தை இம்மி பிசகாமச் சேத்து, அந்தக் கை மடங்குறதப் பாக்கணும். மடங்காட்டி நான் ஓட்டைதான். மடங்கிட்டா, பொறவு இருக்கு இவுகளுக்கு.

சேக்க எடுத்த சத்தம் வேற எதுவும் இல்ல, இதே மணிதான். இவுக தலைக்கு மேல தொங்குதே அதே மணி. மூர் மார்க்கெட்டுல பழைய சாமான் கடையில வாங்கிட்டு வந்தாக, அந்தக் கறுப்புப் பெட்டி வந்த புதுசுல. அதே சத்தத்தப் பெட்டியில வரவழைக்கணும்னு வெறி பிடிச்சு உக்காந்தாக. மணிய அடிக்க ஆள் வேணும்லா. நான். ஏழு மாசம் வயிறு. ஒரு கையில மணியத் தூக்கிப் பிடிக்கணும், ஒரு கையில குச்சி. "அடிட்டி." அடிப்பேன். திருகுவாக. "அடி." அடிப்பேன். கால் வீங்கி, முதுகு கழண்டு, "கொஞ்சம் உக்காந்துக்கிடட்டுமா"ன்னா, "உக்காந்தா கை ஆடும், சத்தம் மாறும், நில்லு." நின்னேன். ராத்திரி கை வீங்கி வளையல் ஏறல. ஆனா ஒண்ணு, சும்மா நிக்கல நான். கேட்டுக்கிட்டே நின்னேன். ரெண்டு சத்தம் கிட்டக் கிட்ட இருந்தா நடுவுல ஒரு அலை எந்திரிக்கும், வவ் வவ் வவ்வுன்னு. கிட்ட வர வர அலை பைய ஆடும். வவ்வ்... வவ்வ்வ்... ரெண்டும் ஒண்ணாயிட்டா அலை செத்துரும். அலை நிக்குற இடம் வரைக்கும் ஒருத்தர் அடிச்சுக்கிட்டே இருக்கணும், ஒருத்தர் திருகிக்கிட்டே இருக்கணும். தனி ஆளாச் செய்ய முடியாத சோலி அது. அன்னைக்கு அலை நின்னது இவுகளுக்கு முந்தி எனக்குக் கேட்டுச்சு. சொல்லல. சொன்னா யாரு கேக்கப் போறா. படம் வந்து, நிஜக் கோவில் மணின்னு ஊரே பேசிச்சு. அடிச்சவ பேரு எங்கயும் இல்ல.

விகிதம் எல்லாம் போன வாரமே புடிச்சுட்டேன். உலோகம் அதே உலோகம், அடங்குறது அதே அடங்குறது. மிச்சம் சுருதிதான். நாலு நாளாக் கட்டைய அழுத்திட்டு உள்ள ஓடுவேன், நாடாவ இழுத்துப் பாப்பேன், இங்க ஓடி வருவேன், வர்றதுக்குள்ள மணி அடங்கிரும், நெனப்புல வச்சுக்கிட்டுத் திருகுவேன். கன்னியம்மா வாயில கைய வச்சா. "இன்னாம்மா, அவரு மணிய நீ போயி அடிக்கிற? கோட்டி புடிச்சிக்கிச்சா?" பைத்தியத்துக்குக் கோட்டிங்கிறது என்கிட்ட படிச்ச வார்த்தை, என்கிட்டயே திருப்புதா. அவள அடிக்கச் சொல்லிருக்கலாம். அவகிட்ட எதுக்குச் சொல்லணும், என்னத்துக்குன்னு கேப்பா.

மறுபடியும் அடிக்குது பாரு. ஒண்ணு. ரெண்டு. விடாம அடிக்குது. என்ன, கோவமா? ஒரு நூலு ஏத்தி வச்சது உள்ள குத்துதா? குத்தட்டும், நல்லாக் குத்தட்டும். விரல நீட்டிக்கிட்டு ஃபேனுக்குக் காட்டுங்க. நான் கட்டைய அழுத்துதேன். மணி அடிக்குது. நான் அழுத்துதேன். மணி அடிக்குது. அட. அடடா. அலை! ரெண்டும் சேந்து அலை எந்திரிக்குது, வவ்வவ்வவ்வுன்னு, சுவருக்கு அங்கிட்டு ஒண்ணும் இங்கிட்டு ஒண்ணும். எனக்கு ஏன் இத்தனை நாளா இது தோணல. ஓடிக்கிட்டுக் கிடந்தேன் பாரு கூறுகெட்டவ. அடிக்க ஆள் உள்ளதான இருக்கு! வேலை வெட்டி இல்லாத ஆளு, கையில நாடாவச் சுத்திக்கிட்டு. அடிங்க மாஸ்டர். நல்லா அடிங்க. இன்னைக்கு நீங்க அடிங்க, நான் திருகுதேன். உக்காந்தா சத்தம் மாறும், ஆனா உங்களுக்கு அந்தக் கவலை இல்ல, படுத்துக்கிட்டே அடிக்கலாம். எப்பிடி இருக்கு? கை வலிக்குதா? அடிங்க.

வலது கை கட்டையில, இடது கை குமிழ்ல. பைய. முடி அளவு. அலை வேகமா ஆடுது, இல்ல, இந்தப் பக்கம் இல்ல, அந்தப் பக்கம், எறக்கணும், ஆமா எறக்கணும், விரல் சொன்னது சரிதான், அத இவுக சொல்லி ஒண்ணும் நான் செய்யல, என் காது சொல்லுது. வவ் வவ். வவ்வ். பைய ஆடுது, வந்துட்டு, கிட்ட வந்துட்டு. என்ன இது, தாறுமாறா அடிக்குதாக. சீரா அடிக்கக் கூடாதா. ரெண்டு சேந்தாப்புல, பொறவு ஒண்ணு, பொறவு கட்டில் ஏதோ முட்டுற சத்தம். ஆத்திரத்துல காலால உதைக்குதாகளோ. ஏங்க, சும்மா கிடங்க, சத்தம் கலங்குது! கத்தித்தான் சொன்னேன், கேட்டிருக்கும். நான் ஏழு மாச வயித்தோட சீரா அடிக்கலையா? உங்களுக்கென்ன கேடு? அடிங்க. ஆங், அப்படி. வவ்வ்வ்... வவ்வ்வ்வ்... இன்னும் ஒரு இம்மி. மணிச் சத்தம் ஏன் இப்படித் தேயுது, கொஞ்சம் அழுத்தி அடிக்கக் கூடாதா, எனக்குன்னா மட்டும் கை வராது. வவ்வ்வ்வ்வ்... இம்மி. இம்மி. நின்னுட்டு.

அலை நின்னுட்டு. இயேசப்பா. நின்னுட்டு! ஒரு ஆட்டம் இல்ல, அசைவு இல்ல, மொழுக்குன்னு ஒரே சத்தம், ரெண்டும் ஒண்ணாப் போயி எது எதுன்னு தெரியல. குமிழ்ல இருந்து கைய எடுக்கவே பயமா இருக்கு, எடுத்தா நகந்துருமோன்னு. எனக்குக் காது இருக்கு. கேட்டியளா, எனக்குக் காது இருக்கு! அழுகையும் சிரிப்பும் சேந்து வருது, வயசான காலத்துல என்ன இது. மடக்குங்க கைய. இப்ப மடக்குங்க பாப்போம். இன்னொரு தடவை கட்டைய அழுத்தினேன், அதே மொழுக்குச் சத்தம், சுத்தமா, நீளமா. கைய எடுத்தேன். அடங்குச்சு. ஹால்ல ஃபேன் சுத்துறது கேக்குது. கீழ யாரோ மிக்சி போடுதாக. உள்ள ஒண்ணும் கேக்கல.

உள்ள ஒண்ணும் கேக்கல. அப்ப நான் கடைசியா அழுத்தினப்போ கேட்டது என் சத்தம் மட்டுந்தான். அதுக்கு முந்தி? அதுக்கும் முந்தி? அலை நின்னப்ப மணி அடிச்சுதா? அடிச்சுது. அடிச்சுதுன்னுதான் நினைக்கேன். இல்ல, மணி நின்னதாலதான் அலை நின்னுதா? விடாம இழுத்தா அவசரம். எந்திரிச்சேன், சேர் விழுந்துச்சு, கதவு நிலையில தோள் இடிச்சுது. முகம் கறுத்து நீலம் பாரிச்சுக் கிடக்கு. வாயோரம் ரசஞ்சோறு. "என்னங்க. என்னங்க!" கைப்பிடியச் சுத்துதேன், கிர்ரு கிர்ருன்னு நேரமாக்குது சனியன், தலைமாடு ஏறுது, தலை ஏறாமத் தோள்ல சரியுது. வாய்க்குள்ள விரல விட்டுத் தோண்டினேன், பருக்கை பருக்கையா வருது. முதுகுல அடிச்சேன். ஓங்கி ஓங்கி அடிச்சேன். நெஞ்ச அமுக்கினேன். மூக்குக்கு முன்னால கைய வச்சுப் பாத்தேன். ஒண்ணும் இல்ல. காலு போர்வைய உதைச்சுக் கீழ தள்ளியிருக்கு, கட்டிலோட இரும்புல இடிச்சு ஒரு பக்கம் தோல் உரிஞ்சிருக்கு.  

பயமா இருக்கு. எனக்குப் பயமா இருக்கு. கன்னியம்மா வந்து கேப்பா, மணி அடிக்கலையாம்மான்னு. அடிச்சுது கன்னியம்மா, நல்லா அடிச்சுது. மகன் கேப்பான். கேக்கட்டும், அழுவேன், நம்பிருவான். அதுக்கில்ல பயம். இவுக கையப் பாத்துட்டேன். இடது கை நெஞ்சு மேல கிடக்கு. விரல் நீளல. தரையப் பாத்துக் காட்டல. மடங்கியிருக்கு. நாலு விரலும் சேத்து இறுக்கி மூடியிருக்கு, சேந்துட்டா மூடுவாகளே, அப்படியே. உள்ள நாடா. நாடாவப் புடிச்சதுல மடங்கின கையா? இல்ல கடைசி கடைசியா அலை நின்னது கேட்டு எனக்காக மடக்கின கையா? "சொல்லுங்க"ன்னு உலுக்கினேன். தோளப் புடிச்சு உலுக்கினேன், தலை அங்கிட்டும் இங்கிட்டும் ஆடுச்சு. "சேந்துச்சா சேரலையா, சொல்லிட்டுப் போங்க! ஏங்க!" எப்படிப் போகலாம் சொல்லாம. இது ஒண்ணுக்குத்தான இத்தனையும். விரல ஒவ்வொண்ணாப் பிரிச்சேன், சூடு இன்னும் இருக்கு. நாடாவ உருவினேன்.

இழுத்தேன். மணி டிங்குன்னுச்சு. ஹாலுக்கு ஓடினேன், கட்டைய அழுத்துறதுக்குள்ள மணி அடங்கிட்டு. திரும்ப வந்தேன். இழுத்தேன். ஓடினேன். நாடா எட்டல, மேசை எட்டல, இழுத்து இழுத்துப் பாத்தேன், கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவுல நான் ஒரு ஆளு. சேந்த மாதிரிதான் இருக்கு. சேரலையோன்னும் இருக்கு. அலை இருக்கான்னு பாக்க ரெண்டும் ஒண்ணாக் கேக்கணும். குமிழ நான் தொடல, வச்ச இடத்துலயே இருக்கு, அது நகராமப் பாத்துக்கிடணும். விழுந்த சேரை எடுத்துப் போட்டு உக்காந்தேன். கன்னியம்மா வர்ற நேரந்தான். வந்ததும் அவ கத்துவா, மார்ல அடிச்சுக்குவா, ஊரக் கூட்டுவா. கூட்டுறதுக்கு முன்னால அவளப் புடிச்சு நிறுத்தி, அந்த நாடாவ ஒரு தடவை, சீரா, இழுக்கச் சொல்லணும்.